தலை நோவால் துவளும் பிள்ளைகளுக்கு: ஒடுகத்தூர் வீடுகளுக்கான 12 குறிப்புகள்

"தலை நோவுதும்மா" என்று பள்ளியிலிருந்து வந்ததும் பாயை விரித்துப் படுத்துவிடும் பிள்ளையைப் பார்த்து, "வீட்டுப்பாடம் எழுத சோம்பல்" என்பார் அப்பா. "கண்ணு பட்டிருக்கும், சுத்திப் போடு" என்பார் பாட்டி. மாதத்தில் இரண்டு மூன்று முறை இப்படி நடந்தால் அது மைக்ரேன் எனும் ஒற்றைத் தலைவலியாக இருக்கலாம். பெரியவர்களைப் போலவே சிறு பிள்ளைகளுக்கும் அது வரும். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இருந்தால் பிள்ளைக்கு வர வாய்ப்பு அதிகம். பிள்ளை சொல்லும் வலி நிஜம் என்று முதலில் நம்புவோம். அதன் பிறகு வீட்டிலேயே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

1. அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள்

பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் நெற்றி முழுவதும், அல்லது இரண்டு பொட்டிலும் சேர்ந்தே வலிக்கும். ஒரு பக்கம் மட்டும் வலிக்கவில்லையே என்று தள்ளிவிடாதீர்கள். விண் விண்ணென்று தெறிக்கும். ஓடினால், படியேறினால் கூடும். குமட்டலும் வாந்தியும் வரும். "லைட்டை அணைங்க, டிவியை நிறுத்துங்க" என்று பிள்ளை கேட்கும். முகம் வெளுத்துப் போகும். குறைந்தது 2 மணி நேரம் நீடிக்கும். தூங்கி எழுந்தால் பல பிள்ளைகளுக்குச் சரியாகிவிடும். சில சிறு பிள்ளைகளுக்குத் தலைக்குப் பதில் தொப்புளைச் சுற்றி வயிற்று வலியாகவும் இது வந்து வந்து போகும்.

2. உடனே ஓட வேண்டிய அறிகுறிகள்

காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, திடீரென்று இடி இறங்கியது போன்ற கடும் வலி, தலையில் அடிபட்ட பின் வரும் வலி, வலிப்பு, கை கால் பலவீனம், இரட்டையாகத் தெரிவது, நடையில் தள்ளாட்டம், வலி தூக்கத்திலிருந்து எழுப்புவது, காலையில் எழுந்ததும் தலைவலியோடு வாந்தி, நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம். 108-ஐ அழையுங்கள். பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை மலைப் பக்கத்தில் இருப்பவர்கள் "விடியட்டும்" என்று காத்திருக்காமல், அறிகுறி தெரிந்தவுடன் கீழே இறங்க ஏற்பாடு செய்யுங்கள்.

3. இருட்டும் ஈரத்துணியும்

வலி தொடங்கியதும் ஜன்னலைச் சாத்தி, விளக்கை அணைத்து, வீட்டின் சத்தம் குறைந்த மூலையில் படுக்க வையுங்கள். பருத்தித் துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து நெற்றியிலும் பின்கழுத்திலும் போடுங்கள், சூடேறியதும் மாற்றுங்கள். பனிக்கட்டியை நேராகத் தோலில் வைக்க வேண்டாம், துணியில் சுற்றி வையுங்கள். "இப்ப எப்படி இருக்கு?" என்று நிமிடத்துக்கு ஒரு முறை கேட்காமல் தூங்க விடுங்கள்.

4. மருந்தைத் தாமதிக்காதீர்கள், அளவைத் தவறவிடாதீர்கள்

வலி உச்சத்துக்குப் போன பிறகு கொடுக்கும் மாத்திரை சரியாக வேலை செய்யாது. ஆரம்பத்திலேயே கொடுப்பதுதான் பலன். பாராசிட்டமால் வழக்கமாக எடையில் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம். 20 கிலோ பிள்ளைக்கு 300 மில்லிகிராம். கடையில் கிடைக்கும் சிரப்புகளின் அடர்த்தி ஒன்றுபோல் இருக்காது: 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள பாட்டில் என்றால் 6 மில்லி, 125 என்றால் 12 மில்லி. பாட்டில் லேபிளைப் படிக்காமல் "ஒரு மூடி" கணக்கில் ஊற்றாதீர்கள். உங்கள் பிள்ளையின் எடைக்கு எவ்வளவு, எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை என்பதை மருத்துவரிடம் ஒருமுறை எழுதி வாங்கி, மருந்து டப்பா மூடியிலேயே ஒட்டிவையுங்கள். வாரத்தில் 2 நாளுக்கு மேல் மாத்திரை தேவைப்பட்டால் மருத்துவரைப் பாருங்கள். அடிக்கடி போடும் வலி மாத்திரையே தலைவலியை வளர்க்கும்.

5. கொடுக்கக் கூடாதவை

ஆஸ்பிரின் கலந்த மாத்திரை பிள்ளைகளுக்குக் கூடவே கூடாது; மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேய் நோய் வரும் அபாயம் உண்டு. பெரியவர்களுக்கு எழுதிய தலைவலி மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பதும் வேண்டாம். காய்ச்சலும் சேர்ந்திருந்து டெங்கு சந்தேகம் இருந்தால் இப்யூபுரூஃபன் தவிர்க்க வேண்டும். காட்டமான தைல வாசனை குமட்டலைக் கூட்டும். கற்பூரம் கலந்த தைலத்தைச் சிறு பிள்ளையின் மூக்கருகே தடவாதீர்கள், கைக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். கொதிக்கும் பாத்திரத்தின் மேல் ஆவி பிடிக்க வைத்துச் சுட்டுக்கொள்ளும் ஆபத்தும் வேண்டாம்.

6. வாந்தி எடுத்தால்

ஒரே மடக்கில் தண்ணீர் கொடுத்தால் திரும்ப வந்துவிடும். சிறிது நேரம் விட்டு, ஓ.ஆர்.எஸ். கரைசலையோ உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரையோ ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். மாத்திரை நிற்காத அளவுக்கு வாந்தி எடுத்தால், அடுத்த முறைக்கு என்ன செய்வது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

7. காலை வயிறு காயக் கூடாது

பிள்ளைகளின் மைக்ரேனைக் கிளப்பிவிடுவதில் பசிக்குப் பெரிய பங்கு உண்டு. 2023 ஆகஸ்ட் முதல் தமிழகம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவு கிடைக்கிறது. ஆறாம் வகுப்புக்குப் போனதும் அது நின்றுவிடுகிறது. பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் டீயும் பன்னுமாகப் பிள்ளை கிளம்பிவிடுகிறது. கேழ்வரகுக் கூழோ, சாமைச் சோறோ, இட்லியோ, மோர் ஊற்றிய பழைய சோறோ எதுவானாலும் வயிறு நிரம்பிய பிறகே அனுப்புங்கள். மாலைக்கு வேர்க்கடலை உருண்டை, வாழைப்பழம் கொடுங்கள். டீ, காபி பழக்கத்தைக் குறையுங்கள்.

8. வெயிலும் கூட்டமும்

வேலூர் வெயிலைப் பற்றி யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை, எருது விடும் விழா, ஆடி மாதக் கூழ் வார்ப்பு, இங்கெல்லாம் வெயில், தூசி, ஒலிபெருக்கி, பட்டினி, தூக்கக் குறைவு எல்லாம் ஒரே நாளில் சேர்ந்துவிடும். வரவே கூடாது என்று தடுத்தால் பிள்ளை ஏங்கிப் போகும். தொப்பி, தண்ணீர் பாட்டில், தின்ன ஏதாவது, இடையில் நிழலில் உட்கார ஓர் இடம், இவ்வளவோடு கூட்டிப் போங்கள். ஸ்பீக்கர் பக்கத்தில் நிறுத்தாதீர்கள். மைக்ரேன் உள்ள பிள்ளைகள் பலருக்கு மலைப்பாதை வளைவுகளில் தலை சுற்றும். பஸ்ஸில் முன்பக்கம் உட்கார வைத்து, போன் பார்க்க விடாதீர்கள்.

9. தூக்கத்துக்கு ஒரே நேரம்

6 முதல் 12 வயதுக்கு 9 மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் வேண்டும்; அதற்கு மேல் வயதுள்ளவர்களுக்கு 8 மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை என்று பத்து மணி வரை தூங்கினாலும் தலைவலி வரலாம். படுக்கும் நேரமும் எழும் நேரமும் எல்லா நாளும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே போனை வாங்கி வைத்துவிடுங்கள், பெரியவர்களும் சேர்ந்து.

10. தலைவலி நோட்டு

பழைய நோட்டு ஒன்று போதும். இப்படி எழுதுங்கள்: "வெள்ளி. மாலை 4 மணி. நெற்றி முழுவதும். வாந்தி ஒரு முறை. மதியம் சரியாகச் சாப்பிடவில்லை, வெயிலில் விளையாட்டு. 4.15-க்கு மருந்து. தூங்கி 6 மணிக்கு எழுந்தாள், வலி இல்லை." இரண்டு மூன்று மாதத்தில் உங்கள் பிள்ளைக்கு எது ஆகவில்லை என்பது பிடிபடும். சாக்லேட், பாக்கெட் நொறுக்கு, எதுவானாலும் நோட்டில் திரும்பத் திரும்ப வந்தால் மட்டும் நிறுத்துங்கள். காரணமில்லாமல் பத்தியம் போடாதீர்கள். வயது வந்த பெண் பிள்ளைக்கு மாதவிலக்குத் தேதியையும் குறித்து வையுங்கள்.

11. ஆசிரியரிடம் சொல்லிவையுங்கள்

வலி வரும்போது சிறிது நேரம் தலை சாய்த்துக்கொள்ளவும், வகுப்பிலேயே தண்ணீர் குடிக்கவும் அனுமதி கேளுங்கள். கண்ணில் வெயில் அடிக்காத இடத்தில் உட்கார வைக்கச் சொல்லுங்கள். வலி தீர்ந்ததும் மீதி வகுப்புக்குப் பிள்ளை திரும்பட்டும். நாள் முழுவதும் விடுப்பு எடுத்துப் பழகினால் பாடம் சேர்ந்து, அந்தக் கவலையே அடுத்த வலிக்கு வழி விடும். பரீட்சை நேரத்தில் வீட்டில் அதட்டலைக் குறையுங்கள். வலியில்லாத நாளில் படுத்தபடி மெதுவாக மூச்சை இழுத்து விடக் கற்றுக்கொடுத்தால், வலி வரும்போது அது கைகொடுக்கும்.

12. மருத்துவரிடம் எப்போது, எப்படி

மாதம் பல முறை வந்தாலும், பள்ளி கெட்டாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, கண் பார்வையையும் இரத்த அழுத்தத்தையும் சோதித்துக்கொள்ளுங்கள். மேற்கொண்டு பார்க்க அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் வேலூர் சி.எம்.சி.யும் இருக்கின்றன. நோட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள். ஸ்கேன் தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்ய அது உதவும். தினசரித் தடுப்பு மாத்திரையை நீங்களாக வற்புறுத்தாதீர்கள். அமெரிக்காவில் 8 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடம் நடந்து 2017-இல் வெளிவந்த பெரிய ஆய்வில், இரண்டு தடுப்பு மருந்துகள் மருந்தே இல்லாத போலி மாத்திரையைவிட அதிகப் பலன் தரவில்லை. போலி மாத்திரை எடுத்தவர்களிலும் பத்தில் ஆறு பேருக்குத் தலைவலி நாட்கள் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தன. பிள்ளைகளின் உடம்பு தேறிவரக் கூடியது என்பதற்கு இதைவிட நம்பிக்கையான செய்தி வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. இந்த வாரம் காலைச் சாப்பாட்டையும் படுக்கும் நேரத்தையும் ஒழுங்குபடுத்துங்கள்; நோட்டைத் தொடங்குங்கள். பிள்ளை வலிக்கிறது என்று சொல்லும்போது, "தெரியும்டா கண்ணு, என்ன செய்யணும்னு நமக்குத் தெரியும்" என்று நீங்கள் தைரியமாகப் பதில் சொல்ல அதுவே போதுமான தொடக்கம்.