இரவு வானத்தைப் பகல் வகுப்பில் கற்பித்தல்

விண்மீன் குழுக்களைக் கற்பிப்பதில் ஓர் அடிப்படைச் சிக்கல் உண்டு. பள்ளி நடப்பது பகலில். பாடப்பொருள் தெரிவதோ இரவில். அதனால் மாணவர்கள் படத்தைப் பார்த்துப் பெயர்களை மனப்பாடம் செய்கின்றனர். வானத்தில் அதே குழுவைக் காட்டினால் அடையாளம் தெரிவதில்லை. இந்த இடைவெளியைக் குறைக்க, ஸ்டெல்லேரியம் என்னும் கட்டணமில்லா மென்பொருள் நமக்கு உதவும். திரையில் பழகி, வானத்தில் கண்டறிவதே இப்பாடத்தின் நோக்கம்.

முன்னேற்பாடு

கணினியில் ஒருமுறை நிறுவிவிட்டால் இணைய இணைப்பு இல்லாமலும் இது இயங்கும். எஃப்6 விசையை அழுத்தி நம் ஊரைத் தேர்ந்தெடுக்கவும். எஃப்5 விசையில் அன்றைய தேதியையும் மாலை 7 மணியையும் கொடுக்கவும். எஃப்4 விசையில் ஒளி மாசின் அளவை நம் ஊருக்கேற்ப அமைக்கவும். தெருவிளக்கு வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாத விண்மீன்கள் திரையிலும் தெரியக் கூடாது.

செயல்பாடு 1: கோடுகள் இல்லாமல்

ஜனவரி மாத நடுப்பகுதி ஓரியன் குழுவுக்கு ஏற்ற காலம். கிழக்கு வானத்தைக் காட்டி, "வரிசையாக உள்ள மூன்று விண்மீன்கள் எங்கே?" என்று கேட்கலாம். மாணவர்கள் தாம் காண்பதை முதலில் ஏட்டில் வரையட்டும். பிறகு 'சி' விசையை அழுத்தினால் கோடுகள் தோன்றும். கோடுகள் மனிதர் வகுத்தவை என்பதையும், ஒரு குழுவின் விண்மீன்கள் நம்மிடமிருந்து வெவ்வேறு தொலைவில் உள்ளன என்பதையும் இங்கே விளக்கலாம். ஓரியனின் சிவந்த தோள் விண்மீனே நம் திருவாதிரை.

செயல்பாடு 2: சாய்ந்த வேட்டைக்காரன்

படங்களில் ஓரியன் பெரும்பாலும் நிமிர்ந்து நிற்கும். நம் ஊரில் அது கிழக்கே எழும்போது பக்கவாட்டில் சாய்ந்திருக்கும். மாணவர் தடுமாற இது ஒரு முக்கியக் காரணம். 'எல்' விசையால் நேரத்தை வேகமாக ஓட்டினால், இரவு 10 மணி அளவில் அது உச்சிக்கு அருகே வரும். அப்போது தெற்கு நோக்கிப் பார்த்தால் நிமிர்ந்து தெரியும். இடைவார் விண்மீன்கள் மூன்றையும் இணைக்கும் கோட்டை ஒருபுறம் நீட்டினால் சிரியஸ். மறுபுறம் நீட்டினால் ரோகிணி, அதையும் தாண்டினால் கார்த்திகைக் கூட்டம்.

செயல்பாடு 3: மாதங்களை நகர்த்துதல்

நேரத்தை மாலை 7 மணியிலேயே வைத்து, தேதியை மட்டும் மாதம் மாதமாக மாற்றவும். ஓரியன் மேற்கே நகர்ந்து ஜூனில் மறைய, தென்கிழக்கில் விருச்சிகம் எழும். ஒரு விண்மீன் நாள்தோறும் சுமார் 4 நிமிடம் முன்னதாக உதிக்கிறது. மாதத்துக்கு 2 மணி நேரம். பூமி சூரியனைச் சுற்றுவதே காரணம் என்பதை மாணவர்களே கண்டுபிடிக்க விடலாம்.

கவனிக்க வேண்டியவை

நிலப்படத்தில் கிழக்கு வலப்புறம் இருக்கும். தெற்கு நோக்கி வானத்தைப் பார்க்கும்போது இடப்புறம் இருக்கும். இதை முன்பே சொல்லிவிட வேண்டும். அளவுக்குக் கையே கருவி. கையை நீட்டி மடக்கிய முட்டியின் அகலம் சுமார் 10 பாகை. திருவாதிரைக்கும் ஓரியனின் கால் விண்மீனான ரைஜலுக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு முட்டி.

வீட்டுச் செயல்பாடும் மதிப்பீடும்

பெரியவர் துணையுடன் ஒரு வாரம் வானத்தைப் பார்த்துத் தேதி, நேரம், திசை, அடிவானிலிருந்து எத்தனை முட்டி உயரம் ஆகியவற்றை அட்டவணையில் பதியட்டும். கைப்பேசி வெளிச்சம் வேண்டாம். இருட்டுக்குக் கண் பழகக் கால் மணி நேரமாவது ஆகும். மேகமூட்டம் என்றால் அதையே எழுதலாம். மதிப்பெண் பெயர்களுக்கு அன்று, இந்தப் பதிவுக்கே.