ஏரித்தொடரும் இணையவலையும்

தொண்டை நாட்டின் பழம்பெரும் ஊர்களுள் ஒன்று உத்திரமேரூர். காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள இவ்வூர், குடவோலைக் கல்வெட்டுகளால் பெரும்புகழ் பெற்றது. முதற் பராந்தக சோழனது ஆட்சியில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற அவை, 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்ட ஊரில் வாரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த முறையை விளக்குகின்றன. அவ்வாரியங்களுள் ஒன்று ஏரி வாரியம். ஏரியைக் காத்தற்கென்றே தனிக்குழு அமைத்தவர் நம் முன்னோர்.

இந்நிலப்பகுதி ஏரிகள் மலிந்தது. மேட்டில் உள்ள ஏரி நிரம்பியபின், மிகுநீர் கலங்கல் வழியே வெளிப்பட்டுக் கால்வாயில் ஓடி அடுத்த ஏரியை அடையும். அதுவும் நிரம்பின் அதற்கடுத்த ஏரிக்குச் செல்லும். இவ்வேரித்தொடரை மனத்திற் கொண்டால், இக்காலத்து இல்லங்களில் அமைக்கப்பெறும் ‘மெஷ்’ என்னும் கம்பியில்லா இணையவலையின் இயல்பு எளிதில் விளங்கும்.

வீட்டிற்கு வரும் இணையம் கண்ணாடி இழை வழியாக ஒரு பெட்டியை அடைகின்றது. ரூட்டர் என வழங்கும் கருவி அதனை வானொலி அலைகளாக நாற்புறமும் பரப்புகின்றது. இதுவே வைஃபை. இதற்குரிய முதற் பொதுவிதி 1997-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இன்று வீடுகளில் பெரும்பாலும் இருவகை அலைகள் பயன்படுகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை ஏறத்தாழ 12 செ.மீ. நீளமுடையது, அது தொலைவு செல்லும், சுவரையும் ஓரளவு ஊடுருவும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை ஏறத்தாழ 6 செ.மீ. நீளமுடையது, அது மிகுதியான செய்தியை விரைந்து சுமக்கும், ஆயினும் சுவரைக் கடக்கையில் எளிதில் தளரும். தடித்த சுவரும் இரும்புப் பீரோவும் நீர்த்தொட்டியும் இவ்விரண்டிற்கும் தடையாவன.

எங்கள் இல்லம் பழைய ஓட்டு வீடு. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை என நீண்டு செல்வது. 2020-ஆம் ஆண்டில் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது, என் பெயர்த்தி கைப்பேசியில் பாடங் கேட்கத் திண்ணைக்கே வரவேண்டியிருந்தது. ரேழியில் வைத்த ரூட்டரின் அலை கூடத்தைத் தாண்டவில்லை. அடுக்களையை அடுத்த அறையில் என் தமக்கையார் எழுந்து நடக்க இயலாமற் படுத்திருந்தார். துபாயில் பணிபுரியும் மகனது முகத்தைக் காண வேண்டுமென்பதே அவருடைய ஒரே வேட்கை. அவ்வறைக்கோ இணையம் எட்டவில்லை.

மூன்று பெட்டிகள் கொண்ட மெஷ் தொகுதி ஒன்றை வாங்கினோம். முதற் பெட்டியை ரேழியில் வைத்தோம். ‘எங்கே இணையம் இல்லையோ அங்கேயன்றோ துணைப்பெட்டி வேண்டும்!’ என்று எண்ணி, இரண்டாவதைத் தமக்கையாரின் கட்டிலருகே நானே வைத்தேன். அதன் விளக்கு செந்நிறமாகவே நின்றது. மூன்று நாள் முயன்றும் பயனில்லை.

அப்போது பெயர்த்தி, “தாத்தா! தனக்கே நீர் வாராத ஏரி, அடுத்த ஏரிக்கு எதனைக் கொடுக்கும்?” என்று வினவினாள். நான் வாயடைத்து நின்றேன். ஏரித்தொடரைப் பற்றி அவளுக்குக் கதைகதையாகச் சொன்னவன் நானே!

அவளே இரண்டாம் பெட்டியை, முதற் பெட்டியின் அலை நன்கு எட்டும் கூடத்தில், முற்றத்தை நோக்கி வைத்தாள். மூன்றாவதைத் தாழ்வாரத்தின் கோடியில் வைத்தாள். வழியில் நின்ற பீரோவை நகர்த்தினோம். விளக்குகள் நிறம் மாறின. அன்று மாலை தமக்கையார் தம் மகனைக் கண்டார். நெடுநேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. திரையிற் கைவைத்துத் தடவிக்கொண்டேயிருந்தார்.

மாணவர்களே! இவ்வமைப்பில் அறிய வேண்டுவன சில உள. பெட்டிகள் பலவாயினும் வலையின் பெயர் ஒன்றே. அறைவிட்டு அறை செல்லுங்கால் கைப்பேசி ஒரு பெட்டியை விட்டு மற்றொன்றைப் பற்றிக்கொள்ளும். ஒரு பெட்டி பழுதுற்றால், வேறு வழி இருப்பின் செய்தி அவ்வழியே செல்லும். இது ஏரித்தொடருக்கில்லாத சிறப்பு. வாங்குதற்கும் கொடுத்தற்கும் ஒரே அலைவரிசையைப் பயன்படுத்தும் பெட்டிகளில், ஒவ்வொரு தாவலிலும் விரைவு ஏறத்தாழப் பாதியாகும். ஆதலின் தாவல்கள் குறைவாயிருத்தல் நன்று. இயலுமாயின் பெட்டிகளைக் கம்பியாலும் இணைக்கலாம். பிறர் எளிதில் ஊகிக்கவியலாத கடவுச்சொல்லும் இன்றியமையாதது. யாவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. ஏரி மழையைப் படைப்பதில்லை. மெஷ்ஷும் இணையத்தைப் படைப்பதில்லை. வந்ததைப் பங்கிடுவதே அதன் பணி.

வைஃபை வீட்டெல்லையோடு நிற்பதுமன்று. 2006-ஆம் ஆண்டிலேயே தேனி அரவிந்த் கண் மருத்துவமனையையும், சுற்றுப்புறத்துக் கண் மையங்கள் ஐந்தனையும் நெடுந்தொலைவு வைஃபையால் அமெரிக்காவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழக ஆய்வாளர் இணைத்திருந்தனர். சிற்றூர் நோயாளர் தம் ஊரருகே இருந்தவாறே மருத்துவரைத் திரையிற் கண்டு பேசினர்.

தலைமடையில் நீர் நிறைந்திருப்பது மட்டும் நல்ல பாசனத்திற்கு அடையாளமன்று. கடைமடை வயல் நனைந்ததா என்பதே கேள்வி. வீட்டில் இணையம் அமைப்போரும் ரேழியில் நின்று விரைவை அளந்து மகிழ்தல் போதாது. கடைசி அறையில் இருப்பவர்க்கு அது சென்று சேர்ந்ததா என்று பார்த்தல் வேண்டும்.