வீட்டுக் கணினிக்கு எந்த வைரஸ் கார்ட்?

கற்பிட்டியில் உறவுக்காரர் வீட்டிலோ அயலிலோ கணினி கரைச்சல் கொடுத்தால் என்னைக் கூப்பிடுவது பழக்கமாகிவிட்டது. போய்த் திறந்தால் பெரும்பாலும் ஒரே நிலைமைதான். காசு கொடுத்து வாங்க வேண்டிய வைரஸ் கார்ட் கிராக் பண்ணிப் போடப்பட்டிருக்கும். விண்டோஸும் ஒஃபிஸும் அப்படியே. டேட்டா முடிந்துவிடும் என்று அப்டேட் நிறுத்தப்பட்டிருக்கும். எல்லாம் பார்த்து முடிந்த பிறகு, "நானா, இதைவிட நல்ல வைரஸ் கார்ட் ஒன்று சொல்லுங்களேன்" என்பார்கள்.

இருப்பதை முதலில் கழற்றுங்கள் என்பதுதான் நான் சொல்லும் பதில். கிராக் பண்ணிய வைரஸ் கார்ட் இருப்பதைவிட ஒன்றும் இல்லாமல் இருப்பது நல்லது. கிராக் வேலை செய்வதற்காக, பெரும்பாலும் அந்த மென்பொருள் தன் நிறுவனத்தோடு பேசாமல் தடுத்திருப்பார்கள். தடுத்தால் புதிய வைரஸ்களின் விபரம் அதற்கு வந்து சேராது. மூலையில் பச்சை அடையாளம் மட்டும் காட்டிக்கொண்டிருக்கும், வீட்டுக்காரர் அதை நம்பி எதையும் திறப்பார். போதாததற்கு, கிராக் கோப்பை ஓடவிடும்போது "வைரஸ் கார்டை நிறுத்திவிட்டு இன்ஸ்டோல் பண்ணவும்" என்று எழுதியிருக்கும். நம் கையாலேயே கதவைத் திறக்கச் சொல்லும் ஒரு கோப்பை எப்படி நம்புவது?

எனக்கு நெருங்கிய ஒரு குடும்பத்துக்கு நடந்தது இது. 1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு, களப்போரத்து முகாமில் இருந்து, பிறகு இங்கேயே வீடு கட்டிக்கொண்டவர்கள். ஊரில் விட்டுவந்த வீட்டின் படங்கள், மூத்தவர்களின் கல்யாணப் படங்கள் என்று பல வீடுகளில் சிதறிக்கிடந்தவற்றைத் தேடி ஸ்கேன் பண்ணி, காணி உறுதிகளையும் சேர்த்து ஒரே கணினியில் வைத்திருந்தார்கள். மகன் படம் வடிவமைக்கும் மென்பொருள் ஒன்றின் கிராக்கை இறக்கினான். மறுநாள் காலையில் எந்தப் படமும் திறக்கவில்லை. ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் புதிதாக நாலு எழுத்து ஒட்டியிருந்தது. பணம் கேட்டு ஒரு கடிதமும் கிடந்தது. காணி உறுதியின் தாள் பெட்டியில் பத்திரமாக இருந்தது. படங்களில் பலவற்றின் மூலப்பிரதி எந்த வீட்டில் என்று இப்போது யாருக்கும் தெரியவில்லை.

அந்தக் கிராக்கோடு வந்தது, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர். வீட்டுக் கணினிகளைக் குறிவைக்கும் ஸ்டொப் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. அது பரவும் முக்கிய வழியே கிராக்தான். எம்சிசொஃப்ட் நிறுவனம் 2019 ஒக்டோபரில் இதன் 148 வகைகளுக்கு இலவச மீட்புக் கருவி வெளியிட்டது. ஆனால் அவற்றுக்குப் பின் வந்த வகைகளில், கோப்பைப் பூட்டிய நேரத்தில் கணினி இணையத்தில் இருந்திருந்தால் அந்தக் கருவியாலும் பயனில்லை. இவர்களுடையது அப்படித்தான்.

சரி, எதைப் போடுவது? அப்டேட் வந்துகொண்டிருக்கிற விண்டோஸ் 10, 11 பாவிக்கிற சாதாரண வீட்டுக்கு, உள்ளேயே வருகிற மைக்ரோசொப்ட் டிஃபெண்டர் போதும். இதை யாரும் விளம்பரம் பண்ண மாட்டார்கள், கடைக்காரருக்கு இதில் இலாபம் இல்லை. ஜெர்மனியின் மாக்டெபர்க் நகரிலுள்ள ஏவி-டெஸ்ட், ஒஸ்திரியாவின் இன்ஸ்புருக்கிலுள்ள ஏவி-கம்பரேட்டிவ்ஸ் ஆகிய இரண்டு ஆய்வுகூடங்களும் வைரஸ் கார்ட்களைத் தொடர்ந்து சோதித்து முடிவுகளை இலவசமாக வெளியிடுகின்றன. ஏவி-டெஸ்ட் பாதுகாப்பு, வேகம், பாவனை என்று மூன்றுக்கும் 6 வீதம் 18 புள்ளி போடும். அண்மைய ஆண்டுகளில் டிஃபெண்டர் பாதுகாப்பில் அடிக்கடி முழுப் புள்ளி எடுத்திருக்கிறது. எதை வாங்க நினைத்தாலும் இந்த இரண்டு இடத்தையும் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

டிஃபெண்டரில் ஒன்றை மட்டும் நீங்களே திறந்துவிட வேண்டும். விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் ரான்சம்வேர் ப்ரொடெக்ஷன் என்ற இடத்தில் கண்ட்ரோல்ட் ஃபோல்டர் அக்சஸ் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. வழக்கமாக அது மூடியே கிடக்கும். திறந்துவிட்டால், அறிமுகமில்லாத மென்பொருள் எதுவும் உங்கள் படங்களையும் ஆவணங்களையும் மாற்ற முடியாது. சில நல்ல மென்பொருளையும் அது மறிக்கும். அப்போது அதை மட்டும் அனுமதித்தால் போதும்.

டிஃபெண்டருக்கு ஒரு பலவீனம் உண்டு, எங்கள் பக்கத்துக்கு அது முக்கியமானது. இணையம் இல்லாதபோது அதன் கண்டுபிடிக்கும் திறன் குறைந்துவிடுகிறது. இதை ஏவி-கம்பரேட்டிவ்ஸின் சோதனைகளில் காணலாம். உப்பளக் கணக்கும் இறால் பண்ணைக் கணக்கும் பார்க்கிற பல வீடுகளில் கணினிக்கு நிரந்தர இணைப்பு கிடையாது. போனிலிருந்து தேவைக்கு டேட்டா கொடுப்பார்கள். அந்தக் கணினிக்குள் வைரஸ் வருவது பென் டிரைவ் வழியாக. பிள்ளைகள் கடந்தகால வினாத்தாள் பிரின்ட் எடுக்க புத்தளம் டவுனுக்குக் கொண்டுபோவார்கள். கடையில் நாள் முழுக்க எத்தனையோ பேருடைய பென் அதே கணினியில் ஏறி இறங்கும். வீட்டுக்கு வந்ததும் ஃபோல்டர் எல்லாம் ஷோர்ட்கட்டாக மாறியிருக்கும். உள்ளே இருந்தவை அழியவில்லை, மறைக்கப்பட்டிருக்கின்றன. ஷோர்ட்கட்டை அமுக்கினால் வைரஸ் உங்கள் கணினிக்குள் வந்துவிடும். பதற்றத்தில் போர்மட் அடித்துவிடாதீர்கள். முதலில் ஸ்கேன் பண்ணுங்கள், பிறகு மறைந்திருக்கும் கோப்புகளைக் காட்டச் சொல்லி உங்களுடையதை எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்கென்று தனி பென் வைத்துக்கொள்வதும், முடிந்தால் மின்னஞ்சலில் அனுப்பி பிரின்ட் எடுப்பதும் இதைவிட நல்லது.

இப்படி இணையம் குறைந்த, பென் அதிகம் ஏறும் கணினிக்குத்தான் காசு கொடுத்து வைரஸ் கார்ட் வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. இணையம் இல்லாத நிலையில் நல்ல பெறுபேறு எடுத்ததாகப் பார்த்து வாங்குங்கள். முதல் வருட விலையை மட்டும் பார்க்காதீர்கள், புதுப்பிக்கும்போது என்ன விலை என்று கேளுங்கள். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது புதுப்பிக்க முடியாமல் அப்படியே விட்ட வீடுகள் உண்டு. காலம் முடிந்ததை வைத்திருக்காமல் கழற்றிவிட்டு, டிஃபெண்டர் மீண்டும் இயங்குகிறதா என்று பாருங்கள். இரண்டு கார்டை ஒன்றாகப் போட வேண்டாம், கணினி அசையாது.

இலவசம் என்று வருகிறவற்றிலும் கவனம் வேண்டும். இலவச வைரஸ் கார்டும் கொடுக்கும் அவாஸ்ட் நிறுவனம் தன் பாவனையாளர்களின் இணைய உலாவல் விபரங்களை விற்றதற்காக 2024 பெப்ரவரியில் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு அதற்கு 1 கோடி 65 இலட்சம் டொலர் கட்டச் சொன்னது.

எந்தக் கார்டாலும் பழைய விண்டோஸைக் காப்பாற்ற முடியாது. விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு அப்டேட்கள் 2025 ஒக்டோபர் 14 உடன் நின்றன. பதிந்துகொண்டவர்களுக்கு மட்டும் 2026 ஒக்டோபர் 13 வரை நீட்டிப்பு. டிஃபெண்டரின் வைரஸ் விபரங்கள் 2028 ஒக்டோபர் வரை வரும், ஆனால் விண்டோஸில் உள்ள ஓட்டைகளை அவை அடைக்காது. எங்கள் வீடுகளில் உள்ள பழைய லெப்டொப்கள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. அவற்றில் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தால் பிள்ளைகள் படிக்கவும் எழுதவும் தாராளமாகப் போதும். ஒஃபிஸுக்கு லிப்ரே ஒஃபிஸ் இருக்கிறது, இலவசம். கிராக் தேட வேண்டிய தேவையே வராது.

கடைசியாக, பிரதி. 2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி அரசாங்கத்தின் லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்டை ரான்சம்வேர் தாக்கியது. மே 17 தொடக்கம் அன்று வரையான அரச அலுவலகங்களின் மின்னஞ்சல்கள் போய்விட்டன. இணைப்பில் இருந்த பிரதியும் சேர்ந்து பூட்டப்பட்டது, கழற்றித் தனியே வைத்த பிரதி அந்தக் காலத்துக்கு இல்லை. அரசாங்கத்துக்கே அந்த நிலை. ஆகவே ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். வைரஸ் கார்டுக்கு ஒதுக்கிய காசு இருந்தால் அதை முதலில் இதற்குக் கொடுங்கள். மாதம் ஒரு தடவை படங்களையும் உறுதிகளையும் கணக்குகளையும் அதில் கொப்பி பண்ணி, கழற்றி, அலுமாரியில் வையுங்கள். கணினியோடு பொருத்தியே வைத்த டிஸ்க் பிரதியாகாது.

அப்படியும் ஏதாவது நடந்தால், பணம் கேட்பவனுக்குச் சதமும் அனுப்பாதீர்கள். இணையத்தைத் துண்டித்துவிட்டு, இணையப் பாதுகாப்புக்கான அரச நிறுவனமான இலங்கை சேர்ட்டின் 101 இலக்கத்துக்கு அழையுங்கள்.