புதுவை மேரி மண்டபம்

புதுவைக் கடற்கரைச் சாலையில் கடலை நோக்கி நிற்கும் 'மேரி' என்னும் மாளிகையை அறியாத புதுவையார் இலர். பெயரைக் கேட்ட அளவிலே அது தேவமாதாவின் பெயரால் எழுந்ததெனக் கருதுவாரும் உளர். நம் தோழருள்ளும் அத்தகையோர் இருந்தனர். பிரெஞ்சு மொழியில் 'மேர்' என்பார் நகரத் தலைவர். அவர்தம் மன்றம் கூடும் இடமே 'மேரி'. மாதாவுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இன்று நாம் காண்பது பழைய மாளிகையன்று. பழையது 1870-71ஆம் ஆண்டளவில் கட்டப்பெற்றது. 1880ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 12ஆம் நாள் பிறந்த ஆணையால் பிரெஞ்சிந்தியாவில் கம்யூன்கள் என்னும் நகரமன்றங்கள் அமைந்தன. பிறப்பும் இறப்பும் மணமும் பதிவு செய்வதும் மேரின் கடமையாயிற்று. ஆயின், அம்மன்றங்களைச் சமத்துவத்தின் இருப்பிடம் எனப் புகழ்தல் பொருந்தாது. தொகையிற் சிறிய ஐரோப்பியருக்குத் தனி வாக்காளர் பட்டியலும், அவர்தம் தொகைக்கு மிஞ்சிய இடங்களும் தரப்பட்டிருந்தன. எனினும் தமிழர் வாக்களிக்கவும் மன்றத்திலே வழக்காடவும் பழகியது அங்கேதான். அப்பழக்கத்தின் பயன் 1954ஆம் ஆண்டு வெளிப்பட்டது. அக்டோபர் 18ஆம் நாள் கீழூரில் கூடிய மக்கட் பிரதிநிதிகள் 178 பேருள் 170 பேர் இந்தியாவுடன் இணைய இசைந்தனர். அவருட் பெரும்பாலோர் கம்யூன் மன்றங்களின் உறுப்பினரே.

இதற்குப் பின் நிகழ்ந்தது வியப்புக்குரியது. விடுதலை பெற்ற புதுவையில் 1968ஆம் ஆண்டு நகராட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது 2006ஆம் ஆண்டிலேயே! இடையே முப்பத்தெட்டாண்டுகள் மேரிக்குத் தேர்தல் இல்லை.

மாளிகையின் உடலும் தளர்ந்தது. செங்கல்லும் சுண்ணாம்பும் மரஉத்திரமும் கொண்டு எழுந்த பழைய கட்டடங்களுக்கு ஒரு தன்மை உண்டு. மேற்றளத்து வெடிப்பினை ஆண்டுதோறும் அடைத்தால் நூற்றாண்டுகள் நிற்கும். விட்டுவிட்டால் நீர் கசிந்து, சுவரினுட் பதிந்த உத்திரத்தின் முனை உளுத்துப்போம். கடற்காற்றின் உப்பு எஞ்சியதைப் பார்த்துக்கொள்ளும். புதுப்பிக்க வேண்டும் என்ற பேச்சு நெடுநாள் இருந்தது. 2014ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள், கார்த்திகை மழையிலே மாளிகை இடிந்து வீழ்ந்தது. மழையே காரணம் என்பர் சிலர். அத்தகைய கார்த்திகை நூற்றுக்கு மேற்பட்டவற்றை அது முன்னரே கண்டிருந்ததை அவர் நினைத்திலர் போலும்.

பின்னர் உலக வங்கியின் கடனுதவியால், பழைய தோற்றத்தின்படியே, கான்கிரீட்டால் வலுப்படுத்திப் புதிய மாளிகை எழுப்பினர். தூண்களும் வளைவுகளும் முன்போல் அமைந்தன. பழையதை ஒத்திருத்தலாற் குறை கூறுவாரும் உளர். வெற்றிடமாய் விட்டிருந்தால் அவ்விடத்து ஒரு மன்றம் இருந்ததென்பதே மறந்துபோயிருக்கும் என்பது நம் கருத்து. 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள் பிரதமர் அதனைத் திறந்து வைத்தார். அதே ஆண்டில் அறிவிக்கப்பெற்ற நகராட்சித் தேர்தல் வழக்குகளால் நின்றுபோயிற்று.