மானியப் பட்டியலைக் கேட்பது தவறா?

களுபோவில

அன்பு மருமகளுக்கு,

உர மானியம் ஆருக்கு எவ்வளவு கிடைத்தது என்று கேட்பது, அயலவரின் பையைத் துழாவுவது போல இல்லையா என்று எழுதியிருந்தாய். அந்தக் காசு யாருடைய பையிலிருந்து போனது என்று முதலில் பார். களுபோவிலயில் வயல் இல்லை. ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துக் கடையில் ஒரு சவர்க்காரம் வாங்கினால் அதில் 18 சதவீதம் வற் வரி. கிளிநொச்சியில் கூலிக்குக் களை பிடுங்கும் பெண்ணும் அதே வீதம்தான் கட்டுகிறாள்.

2005க்குப் பிறகு 50 கிலோ உர மூட்டை 350 ரூபாய்க்குக் கிடைத்தது. மூட்டை யார் வீட்டுக்குப் போகிறதென்று ஊரே பார்த்தது. 2016இல் மானியம் காசானது. 2018இல் திரும்ப உரமானது. 2021 இரசாயன உரத் தடையோடு எல்லாம் குழம்பியது. 2024/25 காலபோகத்தில் நெல்லுக்கு ஹெக்டேயருக்கு 25,000 ரூபாய் என்று அறிவித்து வங்கிக் கணக்கில் போட்டார்கள். இடையில் கைநீட்டுவோர் குறைவார்கள், நல்லதுதான். ஆனால் கணக்கில் விழும் காசு ஊர்க்கண்ணில் படாது.

கமநல சேவை நிலையத்தின் பதிவை வைத்தே காசு போகிறது. காணிக்காரர் கனடாவில் இருப்பார். குத்தகைக்கு எடுத்து விதைப்பவர் வேறொருவர். பதிவு பழையதென்றால், உரத்துக்குக் கடன்படுபவர் ஒருவர், மானியம் எடுப்பவர் இன்னொருவர். இது கணினிக்குத் தெரியாது. அடுத்த வரம்பில் நிற்பவருக்குத் தெரியும். பட்டியல் அவர் கண்ணில் படவேண்டும் என்பதுதான் என் வாதம்.

காசு நேரே கணக்கில் போனாலும் மோசடி நடக்கும். தமிழ்நாட்டில் 2020இல், விவசாயிகளின் கணக்கில் காசு போடும் பிரதமர் கிசான் திட்டத்தில் தகுதியில்லாத லட்சக்கணக்கான பெயர்கள் சேர்க்கப்பட்டு, ஏறத்தாழ 110 கோடி ரூபாய் போய்விட்டது. சிபிசிஐடி பொலிஸ் விசாரணை வரை வந்தது.

உன் தயக்கத்திலும் நியாயம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் விவசாய மானியம் பெறுவோரின் பட்டியலை வெளியிடும் விதிகள் இருந்தன. தனியாட்களின் விபரத்தை அளவுக்கு மிஞ்சி வெளியிடுகிறார்கள் என்று 2010இல் ஐரோப்பிய நீதிமன்றம் அந்த விதிகளைத் தனியாட்கள் விடயத்தில் செல்லாததாக்கியது. பிறகு, சிறுதொகை பெறுவோரின் பெயரை மறைத்து, மற்றவர்களின் பட்டியலைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆகவே பெயர், வயற்பரப்பு, தொகை இவற்றை மட்டும் கேள். அடையாள அட்டை இலக்கமும் கணக்கிலக்கமும் உனக்கு வேண்டாம்.

கேட்கும் வழி 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுது. எந்தப் போகம், எந்தப் பிரிவு என்று தெளிவாகக் குறிப்பிடு. ஏன் கேட்கிறாய் என்று சொல்லத் தேவையில்லை. எழுத்தில் ஒப்புகை வாங்கு. 14 வேலைநாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். "தனிப்பட்ட விபரம்" என்று மறுத்தால், பொதுநலன் மேலோங்கும் இடத்தில் அதையும் தரலாம் என்று அதே சட்டம் சொல்வதைக் காட்டி மேன்முறையீடு செய். அதற்கு மேல் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு இருக்கிறது.

பட்டியல் கைக்கு வந்ததும் அயலவர் பெயரைத் தேடாதே. முதலில் உன் அப்பாவின் பெயருக்கு நேரே உள்ள பரப்பைப் பார். கூடுதலாக இருந்தால், திருத்தச் சொல்லி எழுதும் முதல் கடிதம் உங்கள் வீட்டிலிருந்தே போகட்டும்.

அன்புடன்,
மாமா