பிரயாணம் தடைப்படும்போது

கலியாணத்திற்குப் புறப்பட்ட ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். பெட்டி படுக்கையெல்லாம் பிளாட்பாரத்தில் வந்து சேர்ந்துவிட்டன. ரயில் மூன்று மணி நேரம் தாமதம் என்று அறிவிப்பு வருகிறது. கைப்பிள்ளை பாலுக்கு அழுகிறது. வீட்டுக்காரருக்கு முதலில் வருவது கோபம். "நீ நேரத்தோடு கிளம்பியிருந்தால் காலை வண்டியிலேயே போயிருக்கலாம்" என்று மனைவியின் மீது பாய்கிறார். வண்டி தாமதித்தது ஒரு கஷ்டம். அதன்மேல் நாமே மற்றொரு கஷ்டத்தை ஏற்றிவிட்டோம். வண்டி எப்படியும் வந்துவிடும். நாலு பேர் முன்னிலையில் சொன்ன சொல் அந்தப் பெண்ணின் மனத்தை விட்டுப் போகுமா?

பிரயாணம் சுகமானது என்று நம் மார்க்கம் சொல்லவில்லை. ஊண், நீர், உறக்கம் ஆகியவற்றைத் தடுக்கும் அது வேதனையின் ஒரு பங்கு என்றும், போன காரியம் முடிந்தால் விரைவில் வீடு திரும்ப வேண்டும் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உணர்த்தியுள்ளார்கள். எனவே வழியில் சிரமம் வந்தால், "நமக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்க இடமில்லை.

நாயகம் (ஸல்) அவர்களின் பிரயாணம் ஒன்றிலேயே இப்படியொரு தடை நேர்ந்தது. புகாரி ஷரீபில் அச்சம்பவம் விரிவாக வருகிறது. உடன் சென்ற அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் கழுத்து மாலை காணாமல் போயிற்று. அது தம் சகோதரி அஸ்மா (ரலி) அவர்களிடம் இரவல் வாங்கிய மாலை. அதைத் தேடுவதற்காக நாயகம் (ஸல்) அவர்கள் அங்கேயே தங்கினார்கள், படையும் தங்கிற்று. அவ்விடத்தில் தண்ணீர் இல்லை, கையிருப்பிலும் இல்லை. மக்கள் அபூபக்கர் ஸித்தீக் (ரலி) அவர்களிடம் சென்று, உங்கள் மகள் செய்ததைப் பார்த்தீர்களா என்று முறையிட்டார்கள். அவர்கள் வந்து மகளைக் கடிந்துகொண்டு, விலாவிலும் குத்தினார்கள். நாயகம் (ஸல்) அவர்களோ ஆயிஷா (ரலி) அவர்களின் தொடைமீது தலை வைத்து உறங்கிக்கொண்டிருந்தார்கள். அவ்வுறக்கம் கலையக்கூடாதென்று அன்னையவர்கள் அசையாமல் பொறுத்திருந்தார்கள்.

பொழுது விடிந்தது. தண்ணீர் இல்லை. அப்போதுதான் தயம்முமுடைய ஆயத்து இறங்கிற்று. தண்ணீர் கிடைக்காதவர்கள் சுத்தமான மண்ணைக் கொண்டு தயம்மும் செய்து தொழலாம் என்ற சலுகை உம்மத்துக்குக் கிடைத்தது. அபூபக்கர் குடும்பத்தாரால் கிடைத்த பரக்கத்துகளில் இது முதலாவதல்ல என்று உஸைத் இப்னு ஹுளைர் (ரலி) அவர்கள் மகிழ்ந்து கூறினார்கள். பிறகு ஒட்டகத்தை எழுப்பினால், தேடிய மாலை அதன் அடியிலேயே கிடந்தது!

சகோதரர்களே! இரவு யாரால் இந்தத் தொல்லை என்று பேசப்பட்டதோ, காலையில் அவரால் வந்த பரக்கத் என்று பேசப்பட்டது. ஆகையால் தாமதம் நேரும்போது வீட்டிலுள்ள ஒருவரைக் குற்றவாளியாக்க அவசரப்படாதீர்கள். அந்தத் தாமதத்தில் அல்லாஹ் என்ன நன்மையை வைத்திருக்கிறான் என்பதை நாம் அறியமாட்டோம். உண்மையான பொறுமை துன்பம் தாக்கிய முதல் கணத்தில் காட்டும் பொறுமையே என்பது நபிமொழியின் கருத்து. திட்டித் தீர்த்துவிட்டுப் பிறகு அமைதியாவது எல்லோராலும் முடியும்.

அப்படியானால் காத்திருக்கும் நேரத்தில் என்ன செய்வது?

முதலாவது, தொழுகையைக் கவனியுங்கள். கஸ்ருக்குரிய தூரம் செல்லும் முஸாபிர் ளுஹர், அஸர், இஷா ஆகியவற்றை இரண்டிரண்டு ரக்அத்துகளாகச் சுருக்கித் தொழலாம். மஃரிபும் சுப்ஹும் மாறுவதில்லை. ஆனால் சொந்த ஊரின் எல்லையைத் தாண்டிய பிறகே இச்சலுகை. உள்ளூர் ஸ்டேஷனில் வண்டிக்குக் காத்திருப்பவர் முழுமையாகவே தொழ வேண்டும்.

இரண்டாவது, துஆச் செய்யுங்கள். முஸாபிரின் துஆ ஏற்கப்படும் துஆக்களில் ஒன்று. அந்த வாயைப் புலம்பலில் செலவிடுவது எவ்வளவு பெரிய நஷ்டம்!

மூன்றாவது, கையில் உள்ளதை எண்ணி ஷுக்ருச் செய்யுங்கள். ஊரில் வழக்கமாகச் செய்துவந்த நல்லமல்கள் பிரயாணத்தால் விடுபட்டாலும் அவற்றின் நன்மை எழுதப்படுகிறது. இது சாதாரண நிஃமத்தா?

பிரயாணம் அடியோடு நின்றுபோவதும் உண்டு. ஹிஜ்ரி 6-ல் (கி.பி. 628) சுமார் 1400 ஸஹாபாக்கள் நாயகம் (ஸல்) அவர்களுடன் உம்ராவுக்குப் புறப்பட்டு, ஹுதைபிய்யாவில் தடுக்கப்பட்டுத் திரும்பினார்கள். கஃபாவைக் காணாமல் திரும்பிய அந்தப் பயணத்தையே அல்லாஹ் தெளிவான வெற்றி என்றான். மறு ஆண்டே உம்ரா நிறைவேறிற்று. 2020-லும் 2021-லும் கொள்ளை நோயின் காரணமாக வெளிநாட்டு ஹாஜிகளுக்கு அனுமதி கிடைக்கவில்லை. பல்லாண்டு சேமித்துக் காத்திருந்த நம் முதியவர்கள் கண்ணீரோடு வீட்டில் இருந்தார்கள். நிய்யத்தை அறிந்தவன் அக்கண்ணீரை வீணாக்கமாட்டான்.

பொறுமை என்றால் அசட்டையாக இருப்பதல்ல. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. முன்கூட்டியே புறப்படுங்கள். டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் ஒருவர் பொறுப்பில் கொடுங்கள். மூவர் சேர்ந்து சென்றால் ஒருவரை அமீராக்கிக்கொள்வது ஸுன்னத். விசாரிக்க வேண்டியதை மரியாதையோடு விசாரியுங்கள். அதற்கு மேல் நடப்பது அவன் நாட்டம்.

அடுத்த முறை வண்டி தாமதிக்கும்போது அந்தக் கழுத்து மாலையை நினையுங்கள். கடிந்து பேச வாய் திறக்குமுன் "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லுங்கள். பிறகு பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு மனைவியைச் சற்று உட்காரச் சொல்லுங்கள்.

வல்ல நாயன் நம் பிரயாணங்களை இலேசாக்கி, நம் நாவுகளைக் காத்தருள்வானாக! ஆமீன்.