பதினெட்டு நிறைவதற்கு முன்பே பேசிவிடுங்கள்

மனநல வார்டில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ 18 வயது நிறையப் போகிறதா? அந்த நாளோடு உங்கள் கையெழுத்தின் பலம் குறைந்துவிடும். இதைப் பல பெற்றோர் அட்மிஷன் கவுன்டரில்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, சிறார்களைச் சேர்க்க விண்ணப்பிப்பதும் சிகிச்சைக்குச் சம்மதிப்பதும் பொதுவாகப் பெற்றோர்தான். சிறாரைப் பெரியவர்களோடு தங்கவைக்கக் கூடாது. துணைக்கு ஒருவர் கூடவே இருக்க வேண்டும். உள்நோயாளியாக இருக்கும்போதே 18 நிறைந்தால், 88ஆம் பிரிவு அவரைச் சுயவிருப்பத்தில் தங்கியிருக்கும் நோயாளியாக மாற்றிவிடுகிறது. வீட்டுக்குப் போகிறேன் என்று அவர் கேட்டால் அனுப்ப வேண்டும். நிலைமையை மதிப்பிட அதிகபட்சம் 24 மணி நேரம் நிறுத்திவைக்கலாம். உயிருக்கு ஆபத்து போன்ற கடுமையான காரணம் இருந்தால் மட்டுமே 89ஆம் பிரிவில் 30 நாள் வரை வைத்திருக்க வழியுண்டு. "நான் பெத்த பிள்ளை, நான் சொல்றேன், வெச்சுக்குங்க டாக்டர்" என்பது மட்டும் அப்போது போதாது.

ஆகவே, பிள்ளை தெளிவாக இருக்கும் ஒரு நாளில் உட்கார்ந்து பேசுங்கள். மறுபடி நோய் முற்றினால் யார் பக்கத்தில் இருக்க வேண்டும்? எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை? 18 நிறைந்ததும், தன் சார்பில் துணைநிற்க ஒருவரை அவர் வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு நியமிக்கலாம். அந்த நபரும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். உங்களை விட்டுவிட்டு அவர் சித்தியைச் சொன்னால் வலிக்கத்தான் செய்யும். வற்புறுத்தாதீர்கள். அவர் நம்புகிற ஆள் சொன்னால்தான் நெருக்கடியில் காதில் விழும்.

18 நிறைந்ததும் பெரியவர்கள் பிரிவுக்கும் புது மருத்துவரிடமும் மாற வேண்டியிருக்கும். அதற்கான காகிதங்கள் இனி. டிஸ்சார்ஜ் சம்மரியில் பெரும்பாலும் இப்போதைய மாத்திரைகள்தான் இருக்கும். முன்பு கொடுத்து நிறுத்தியவை, அளவு, நிறுத்திய காரணம் எல்லாவற்றையும் கேட்டு எழுதி வாங்குங்கள். லித்தியம், குளோசபின் எடுப்பவர் என்றால் கடைசி ரத்தப் பரிசோதனை முடிவும் கட்டாயம். பிள்ளை எப்போது பேச ஆரம்பித்தார், பள்ளியில் எப்படி இருந்தார் என்பதைப் புது மருத்துவர் பார்த்ததில்லை. ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்.

முடிந்தால் பெரியவர்கள் வார்டை முன்கூட்டியே பிள்ளைக்குக் காட்டுங்கள். இரவில் துணைக்கு ஆள் தங்கலாமா, செல்போன் அனுமதி உண்டா என்பது இடத்துக்கு இடம் மாறும். இதையெல்லாம் பிள்ளையே நர்ஸிடம் கேட்கட்டும். பழைய மருத்துவரிடம் கடைசி சந்திப்புக்கு முன்பே புதியவரிடம் முதல் தேதி வாங்கிவிடுங்கள். மாத்திரை விடுபடுவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். இடையில் தடுமாற்றம் வந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு எந்நேரமும் பேசலாம்.